1991 வோல்வோ 240 வேகன்: பனிக்காலத்துக்கு முன் வீட்டிலேயே என்னென்ன செய்யலாம்?

சேகரன் (ஸ்காபரோ)

வணக்கம். எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் 1991 வோல்வோ 240 ஸ்டேஷன் வேகனை எனக்கு விற்றுவிட்டு மகனோடு இருக்க வன்கூவர் போய்விட்டார். பி230எஃப் எஞ்சின், ஒட்டோமற்றிக் கியர். ஆண்டுதோறும் அடிப்பகுதிக்கு எண்ணெய் அடித்து வைத்திருக்கிறார், அதனால் துரு குறைவு. ஆனால் எப்போது எதை மாற்றினார் என்று எழுதிவைத்த கொப்பி எதுவும் கிடையாது. ஓடிய தூரம் காட்டும் எண்களும் எப்போதோ நின்றுவிட்டன. மூன்று இலட்சத்துச் சொச்சம் என்று காட்டுவது உண்மையா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

கராஜில் கேட்டால் நீளமான பட்டியல் தருகிறார்கள். கூட்டிப் பார்த்தால் கார் வாங்கிய விலையைத் தாண்டுகிறது. வீட்டு வாசலில் சமதளமான சிமெந்துத் தரை இருக்கிறது, நல்ல ஜாக்கியும் ஸ்பானர் செட்டும் இருக்கின்றன. ஒயில் மாற்றவும் பிரேக் பாட் மாற்றவும் தெரியும். டிசம்பருக்கு முன் சனி ஞாயிறுகளில் எதை எதைச் செய்தால், தை மாதக் குளிரில் 401 நெடுஞ்சாலை ஓரத்தில் பிள்ளைகளோடு நிற்காமல் தப்பலாம்?

நெடுந்தீவான் (ஒஸ்லோ)

நல்ல வண்டிதான் வாங்கியிருக்கிறீர்கள். 1974 முதல் 1993 வரை 26 இலட்சத்துக்கும் மேல் செய்து விற்ற மாடல் அது. உதிரிப்பாகம் இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கார் ஓட்டிய எங்கள் ஆட்களுக்கு இந்த எஞ்சின் ஒரு பொருட்டே இல்லை.

கராஜ்காரரின் பட்டியலைத் தூக்கி எறிய வேண்டாம், வரிசையை மட்டும் மாற்றுங்கள். பழைய வண்டி என்றதும் எல்லாரும் கிழிந்த சீற்றையும் மங்கிய பெயின்ரையும் பார்க்கிறார்கள். கெட்டால் உயிருக்கு ஆபத்தானது முதலில். கெட்டால் நடுவழியில் நிறுத்துவது அடுத்தது. பத்து டொலர் சாமான் கெட்டு ஆயிரம் டொலர் சாமானையும் கெடுப்பது மூன்றாவது. மற்றதெல்லாம் வசந்தகாலம் வரை காத்திருக்கும்.

மூன்றாவது வகைக்கு இந்த எஞ்சினில் ஒரு பேர்போன உதாரணம் உண்டு, அதிலிருந்தே தொடங்குகிறேன். ஃப்ளேம் டிராப் என்பார்கள். எஞ்சினுக்குள் உண்டாகும் புகையும் அழுத்தமும் வெளியேற ஒரு மூச்சுக்குழாய் இருக்கிறது. எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மனிஃபோல்டுக்கு அடியில், அந்த மூச்சுக்குழாயின் நடுவே, ஓட்டைகள் போட்ட ஒரு சிறிய பிளாஸ்டிக் வில்லை இருக்கும். காலப்போக்கில் ஒயில் கரி படிந்து அது அடைத்துக்கொள்ளும். மூச்சுவிட வழியில்லாத அழுத்தம் வேறு வழி தேடும். ஒயில் கசியாமல் தடுக்கும் காம்ஷாஃப்ட் சீலைத் தள்ளும், எஞ்சினின் பின்புறத்துப் பெரிய சீலையும் தள்ளும். பின் சீலை மாற்றக் கியர்பெட்டியை இறக்க வேண்டும். வில்லையின் விலை ஒரு கோப்பிக் காசு.

சோதிக்கும் விதம்: எஞ்சின் சூடாகி மெதுவாக ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாய்மீது மெல்லிய றப்பர் கையுறை ஒன்றை மாட்டிப் பிடியுங்கள். உள்ளே இழுபட்டால் நல்லது. ஐந்து விரலும் விறைத்து உங்களைப் பார்த்துக் கைகாட்டினால் வழி அடைத்திருக்கிறது.

கழற்றும்போது வில்லையை மட்டும் கழுவிவிட்டு எழும்பிவிடாதீர்கள். அங்கிருந்து மனிஃபோல்டுக்குப் போகும் மெல்லிய குழாய் ஒன்று இருக்கும். அது போய்ச் செருகும் சின்னப் பித்தளை முனைதான் பெரும்பாலும் அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குடைந்து எடுங்கள். றப்பர்க் குழாய்கள் ஒயிலில் ஊறிக் கொழகொழவென்று இருந்தால் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை (மார்க்கம்)

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். மூன்றாயிரம் டொலர் வண்டிக்கு இரண்டாயிரம் டொலருக்குச் சாமான் வாங்குவது எந்த ஊர்க் கணக்கு? இப்படித் தொடங்கிய நண்பர் ஒருவர் “கையோடு இதையும் மாற்றிவிடலாம்” என்று சொல்லிச் சொல்லியே பணத்தைக் கரைத்தார். ஓடுகிறதைத் தொடாதே என்பதுதான் என் கொள்கை.

கராஜ் பட்டியலில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ற் கட்டாயம் இருக்கும். ஆனால் இந்த எஞ்சினில் பெல்ற் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் முட்டாது என்று எல்லாருக்கும் தெரியும். அறுந்தபின் மாற்றினால் என்ன கெட்டுவிடும்?

நெடுந்தீவான் (ஒஸ்லோ)

எட்டு வால்வு பி230எஃப் பற்றி நீங்கள் சொன்னது சரி, வால்வு வளையாது. ஆனால் எஞ்சின் அந்தக் கணமே நிற்கும். பவர் ஸ்டியரிங் போகும். பிரேக்கின் வெற்றிட உதவி இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் மிஞ்சும். சேகரன் கேட்ட கேள்வி எஞ்சின் பிழைக்குமா என்பதல்ல, 401இல் நிற்காமல் இருக்க என்ன வழி என்பது.

பெல்றுக்கு 80,000 கி.மீ. என்று கணக்கு. உங்கள் வண்டியில் கிலோமீற்றரே செத்துவிட்டது, அது இந்த மாடலின் பழைய வியாதி. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் நொறுங்கிவிடும். மாற்றிய திகதி தெரியாத பெல்ற் மாற்ற வேண்டிய பெல்ற்தான். கூடவே இழுப்பு உருளையையும் மாற்றுங்கள். முன்பக்கச் சீல்கள் ஈரமாக இருந்தால் அவற்றையும், காய்ந்திருந்தால் வேண்டாம். இந்த இடத்தில் கணக்குப்பிள்ளை அண்ணா சொல்வதோடு உடன்படுகிறேன்.

புது பெல்ற் போட்டு ஏறக்குறைய 1,000 கி.மீ. ஓடியதும் ஒருமுறை இழுவையைச் சரிசெய்ய வேண்டும். பெல்ற் மூடியில் சிறிய றப்பர் அடைப்பான் ஒன்று அதற்காகவே இருக்கிறது. அதை எடுத்து, உள்ளே இருக்கும் நட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் தானாக இழுத்துக்கொள்ளும், திரும்ப இறுக்கிவிடுங்கள். கராஜ்களில் இதற்காக யாரும் உங்களைத் திரும்பக் கூப்பிடுவதில்லை.

ராமசாமி (கோவை)

நாற்பது ஆண்டு ஒர்க்‌ஷாப் வைத்திருந்து இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்த வண்டியை நான் தொட்டதில்லை, இங்கே அது வரவும் இல்லை. ஆனால் ஜாக்கிக்கு எல்லா வண்டியும் ஒன்றுதான்.

தம்பி சேகரன், “நல்ல ஜாக்கி” என்று எழுதினீர்கள், ஸ்டாண்டு பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே ஒரு சின்ன ரப்பர் வளையம் போனால் ஒன்றேகால் டன்னுக்கும் மேலான வண்டி சத்தமில்லாமல் இறங்கும். இரண்டு ஜோடி ஸ்டாண்டு வாங்குங்கள். தரையில் நிற்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வண்டியை ஸ்டாண்டில் இறக்கியபின், கீழே போகும் முன், பக்கவாட்டில் நின்று இரண்டு கையாலும் ஓங்கித் தள்ளிப் பாருங்கள். ஆடினால் மறுபடி தூக்கிச் சரியாக வையுங்கள். கழற்றிய சக்கரத்தைச் சும்மா சுவரில் சாய்க்காமல் வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் இவற்றின்மேல் வண்டியை நிறுத்தவே கூடாது.

அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும், உள்ளே பிஸ்டனும் துருப்பிடிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுவது நல்ல பழக்கம். கணக்குத் தெரியாத வண்டிக்கு இப்போதே மாற்றுங்கள். பாட்டிலைத் திறந்து பாதியில் வைத்துவிட்டு அடுத்த வருடம் எடுத்து ஊற்றுவது வேண்டாம்.

நெடுந்தீவான் (ஒஸ்லோ)

ஐயா சொன்னதற்கு மேல் ஒரு குறிப்பு. பிரேக் ஒயில் மாற்றும்போது குழாய்க்குள் புகும் காற்றை மற்ற வண்டிகளில் தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி வெளியேற்றுவார்கள். 240இல் இரட்டைப் பிரேக் வழிகள் முக்கோண அமைப்பில் போகின்றன. ஒவ்வொரு வழியும் முன்சக்கரம் இரண்டுக்கும் பின்சக்கரம் ஒன்றுக்கும் போகும். ஒரு வழி அறுந்தாலும் முன்பிரேக் இரண்டும் பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள். அதனால் முன்சக்கரத்துப் பிரேக் பாட்டை அழுத்தும் கலிப்பரில் காற்று எடுக்கும் திருகு ஒன்றுக்கு மேல் இருக்கும், வரிசையும் வேறு. கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள், மனப்பாடம் இங்கே உதவாது.

மல்லிகா (டோர்ட்முண்ட்)

தம்பி, மின்சாரம் பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லை. இந்த வண்டி நடுவழியில் நின்றால் பத்தில் எட்டுக்கு எஞ்சினைக் குறை சொல்ல முடியாது என்பது என் அபிப்பிராயம்.

சாரதியின் இடதுகால் பக்கம், கதவுத் தூணுக்கு அருகே ஃபியூஸ் பெட்டி இருக்கிறது. கண்ணாடி ஃபியூஸ் அல்ல, இரு முனையிலும் கூம்பு வைத்த பீங்கான் ஃபியூஸ்கள். தகட்டு நாக்குகளுக்கு நடுவே வெறுமனே கவ்வி நிற்கும். ஈரத்தில் நாக்கும் முனையும் வெளுத்துப் பூத்துவிடும். ஃபியூஸ் எரிந்திருக்காது, ஆனாலும் மின்சாரம் போகாது. அவசரத்துக்கு விரலால் உருட்டிவிட்டால் வேலை செய்யத் தொடங்கும். அதைப் பார்த்து “தானாகச் சரியாகிவிட்டது” என்று விட்டவர்கள் பலர். பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, நாக்குகளைப் பித்தளைப் பிரஷால் பளபளவென்று தேய்த்து, புது ஃபியூஸ் செட் ஒன்றைப் போடுங்கள். ஒரு பிற்பகல் வேலை.

பற்றரிப் பக்கம் இடது மட்கார்டின் உட்புறத்தில் 25 அம்பியர் ஃபியூஸ் ஒன்று தனியாக இருக்கும். எரிபொருள் அமைப்பு முழுவதும் அதில் தொங்குகிறது. சேறும் உப்புநீரும் தெறிக்கும் இடம். அதையும் பாருங்கள்.

பெற்றோல் பம்ப் இரண்டு. ஒன்று பெற்றோல் தாங்கிக்குள், மற்றது வண்டிக்கு அடியில். உள்ளே இருப்பது செத்தாலும் வெளியே இருப்பது தனியாக இழுத்துக்கொண்டு ஓடும், ஓட்டுபவருக்குத் தெரியாது. பின்சீற்றுக்கு அடியிலிருந்து வழக்கத்தைவிட உரத்த ரீங்காரம் கேட்டாலோ, தாங்கி கால்வாசிக்குக் கீழே போகும்போது வண்டி இழுக்காமல் திணறினாலோ உள் பம்பைச் சந்தேகியுங்கள். பம்ப் நன்றாக இருந்து அதன் சின்ன றப்பர்க் குழாய் வெடித்திருந்தாலும் இதே அறிகுறிதான். சின்னப் பம்பை மாற்றினால் பெரிய பம்ப் பிழைக்கும். இதைக் கட்டாயம் வெளியில், தாங்கி ஏறக்குறைய வெறுமையாக இருக்கும்போது, பற்றரியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

கையுறைப் பெட்டிக்குப் பின்னால், பெற்றோல் பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான வெள்ளை நிற ரிலே இருக்கும்; அதைக் கழற்றி மூடியைத் திறந்து ஈயப்பற்றுகளைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கம்பிக் காலைச் சுற்றி மயிரிழை வளையம் தெரிந்தால் அது வெடிப்பு. திரும்ப ஈயம் வைத்தால் போதும். என்றாலும் புதிது ஒன்று வாங்கி வண்டியில் வைத்திருங்கள்.

கணக்குப்பிள்ளை (மார்க்கம்)

மல்லிகா அக்கா, அந்தக் காலத்து வோல்வோக்களில் எஞ்சின் வயர்களின் உறையே உதிர்ந்துபோகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்கும் செலவு வைக்க வேண்டுமா?

மல்லிகா (டோர்ட்முண்ட்)

அது 1980 முதல் 1987 வரை வந்தவற்றின் பிரச்சினை. 1991க்கு வேண்டாம். உங்கள் காசு தப்பியது.

வேகனுக்கென்றே ஒரு வியாதி இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். பின்கதவுக்குப் போகும் வயர்கள் கூரையோரத்துப் பிணைச்சல் வழியாக நுழைகின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் மடிந்து மடிந்து முப்பது ஆண்டில் உள்ளே செம்பு முறிந்துவிடும். பின் வைப்பர் கதவு பாதி திறந்திருக்கும்போது மட்டும் அசைவது, கண்ணாடிச் சூடேற்றி வேலை செய்யாதது, நம்பர் பிளேற் விளக்கு விட்டு விட்டு எரிவது எல்லாம் இதன் கைவரிசை. இங்கே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டியூஃப் என்ற வாகனத் தகுதிப் பரிசோதனை. நம்பர் பிளேற் விளக்கு எரியவில்லை என்றால் அதையும் குறையாக எழுதிவிடுவார்கள்.

முறிந்த இடத்தில் முறுக்கி ரேப் சுற்றாதீர்கள், மடியும் இடத்தில் முடிச்சு நிற்காது. சிலிக்கோன் உறை போட்ட மெல்லிழை வயர் வாங்கி, பழைய வயரின் நுனியில் கட்டி மறுபக்கத்திலிருந்து இழுத்தால் புதிது தன் பாதையில் தானே வந்துவிடும். இணைப்புகளை வளையாத இடத்தில், கதவுக்குள்ளும் கூரைக்குள்ளும் வையுங்கள். நிறத்தைக் குறித்துக்கொண்டு ஒரு வயர் முடிந்தபின் அடுத்ததைத் தொடுங்கள்.

பின்விளக்குகளின் கேஸ்கெட்டையும் கையோடு பாருங்கள். அது சுருங்கினால் மழைநீர் பின்தரையடிக் குழிகளில் தேங்கி உள்ளிருந்து துரு பிடிக்கும். விரிப்பைத் தூக்கிக் கைவைத்துப் பார்த்தாலே தெரியும்.

சேகரன் (ஸ்காபரோ)

எல்லாருக்கும் நன்றி. ராமசாமி ஐயா, ஸ்டாண்டு இரண்டு ஜோடி வாங்கிவிட்டேன்.

கையுறைச் சோதனை செய்தேன். ஐந்து விரலும் நிமிர்ந்து நின்றன. வில்லையில் ஓட்டை என்று ஒன்றுமே தெரியவில்லை, தார் உருண்டை. நெடுந்தீவான் அண்ணா சொன்ன மனிஃபோல்டு முனைக்குள் முதலில் கம்பியே இறங்கவில்லை, கார்புரேற்றர் கழுவும் ஸ்பிரே அடித்து ஊறவைத்தபின் தான் திறந்தது. புதுக் குழாய்களோடு பூட்டியபின் கையுறை உள்ளே சுருங்கிப் போகிறது. எஞ்சினின் பின்பக்கம் ஒயில் ஈரம் இருக்கிறது. துடைத்துவிட்டேன், திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்த இரண்டு கேள்வி. ஒன்று, கியர் ஒயில். பழைய ஒட்டோமற்றிக்கில் அதை மாற்றினால் கியர் செத்துவிடும் என்று இங்கே எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். இரண்டு, எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள் எப்போதும் நடுவில் அசையாமல் நிற்கிறது. குளிர்நீரை (கூலன்ற்) அப்படியே விடலாமா?

ராமசாமி (கோவை)

முதல் கேள்விக்கு: ஆயிலை மாற்றியதால் கியர் சாவதில்லை. சாகப்போகிற கியருக்குக் கடைசி நேரத்தில் ஆயில் மாற்றுகிறார்கள், பழி புது ஆயில்மேல் விழுகிறது. கியர் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு வையுங்கள். சிவப்போ இளம்பழுப்போ என்றால் மாற்றலாம், கியர் பல நாள் உழைக்கும். கறுத்துக் கருகிய வாடை அடித்தால், உள்ளே கிளட்ச் தகடு கரைந்துவிட்டது. ஆயில் அதற்கு மருந்தல்ல. மெஷின் வைத்து அழுத்திக் கழுவுவது வேண்டாம். அடிச்சட்டியில் இருப்பதை வடித்து, வடித்த அளவையே ஊற்றுங்கள். சில மாதம் கழித்து மறுபடி அப்படியே.

நெடுந்தீவான் (ஒஸ்லோ)

அளவு பார்க்கும்போது கியர் சூடாக இருக்க வேண்டும். எஞ்சின் ஓட வேண்டும், கியர் நெம்புகோலை எல்லா நிலைக்கும் ஒருமுறை நகர்த்தி பார்க்கிங்கில் வைத்துப் பார்க்க வேண்டும். டெக்ஸ்ரன் வகை ஒயில். நான்காவது கியர் விழவில்லை என்றால் கியர்பெட்டியைச் சந்தேகிக்கும் முன் ஓவர்டிரைவ் ரிலேயைத் திறந்து பாருங்கள், அக்கா சொன்ன அதே ஈயப்பற்று வெடிப்பு அங்கேயும் வரும்.

சூட்டு முள்ளை நம்பாதீர்கள். 1986க்குப் பிந்தைய மாடல்களில் முள் அடிக்கடி ஆடி ஓட்டுபவரைப் பயமுறுத்தக் கூடாது என்று பின்னால் ஒரு சிறிய சுற்றுப்பலகை வைத்தார்கள். வெப்பம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அது முள்ளை நடுவிலேயே பிடித்து வைத்திருக்கும். அது கெட்டால் முள் கண்டபடி காட்டும். ஆகவே தண்ணீர் குறைகிறதா என்பதைத் தொட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், முள்ளைப் பார்த்து அல்ல.

குளிர்நீரைக் கட்டாயம் மாற்றுங்கள். எஞ்சினின் அடிக்கட்டை வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். பழைய குளிர்நீரில் அரிப்பைத் தடுக்கும் மருந்து தீர்ந்ததும் அலுமினியம்தான் முதலில் அரிபடும். கூலன்றையும் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் -37 பாகை வரை உறையாது, ஸ்காபரோவுக்கு அது போதும். ரேடியேற்றரின் பக்கத் தொட்டிகள் பிளாஸ்டிக் என்றால், மேல் குழாய் செருகும் கழுத்தை நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். வெளிறி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் ரேடியேற்றரே புதிதாக வேண்டும். கழுத்து ஒடிந்தால் தண்ணீர் முழுவதும் ஒரே நிமிடத்தில் வெளியே வந்துவிடும். இந்த மாதம் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் ரேடியேற்றருக்குக் கொடுப்பேன், பெல்றைப் பங்குனிக்குத் தள்ளுவேன்.

கணக்குப்பிள்ளை (மார்க்கம்)

இப்போதுதான் நீங்கள் என் பாஷை பேசுகிறீர்கள். ஆனால் பெல்ற் மாற்றக் கழற்றும்போது எப்படியும் காற்றாடியும் மூடியும் வெளியே வரத்தானே வேண்டும்? ரேடியேற்றரும் அப்போது வெளியே இருந்தால் முன்னால் இடம் தாராளம். இரண்டையும் ஒரே சனிக்கிழமையில் செய்தால் புதுக் குளிர்நீரை ஒருமுறை ஊற்றினால் போதும். பங்குனியில் திரும்பக் கழற்றுவது வீண்.

நெடுந்தீவான் (ஒஸ்லோ)

ஒத்துக்கொள்கிறேன். பெல்ற் ஒன்றும் பெரிய விலை இல்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்யுங்கள்.

சேகரன் (ஸ்காபரோ)

அப்படியே செய்கிறேன். காகிதத்தில் கியர் ஒயில் இளம்பழுப்பாக வந்தது, கருகிய வாடை இல்லை. ரேடியேற்றரின் கழுத்து உதிர்கிறது, ஓடர் கொடுத்துவிட்டேன். செய்ததையெல்லாம் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வண்டிக்குள் வைக்கிறேன். கிலோமீற்றர் திருந்தும்வரை திகதிதான் கணக்கு.

கடைசியாக ஒன்று. ஹீற்றர் காற்றாடி முதல் வேகத்தில் கிறீச்சென்று கத்துகிறது, இரண்டாவதில் நின்றுவிடுகிறது. ரேடியேற்றர் வரும்வரை அதைக் கழற்றிப் பார்க்கலாமா?

மல்லிகா (டோர்ட்முண்ட்)

தொடாதீர்கள்! அந்த மோட்டார் டாஷ்போர்டுக்கு நடுவே ஹீற்றர் பெட்டிக்குள் இருக்கிறது. கொன்சோலைக் கழற்றி, பெட்டியைப் பிளந்து, கிளிப்புகளை எங்கே வைத்தோம் என்று தேடி முடிக்கும்போது பனி கொட்டத் தொடங்கியிருக்கும். முதல் வேகத்தில் சத்தத்தோடு ஓடினாலும் கண்ணாடியில் பனிப்புகை படியாமல் காக்கும், அது போதும். புது மோட்டாரை இப்போதே வாங்கி வையுங்கள், சித்திரையில் கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யலாம். சத்தம் முழுவதுமாக நின்று, காற்றும் வராமல் போனால் மட்டும் எழுதுங்கள். அப்போது வேறு வழியில்லை, படங்கள் அனுப்புகிறேன்.